நீல டோபாஸ்: அதன் நிறமும் பட்டையும் ஒளியும்

மாணவச் செல்வங்களே! நவமணிகள் யாவை என்று கேட்டால், வைரம், வைடூரியம், முத்து, மரகதம், மாணிக்கம், பவளம், கோமேதகம், நீலம், புட்பராகம் என்று நீங்கள் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவீர்கள். ஆனால் ஒரு நீல நிறக் கல்லைக் கையில் கொடுத்து, "இஃது எந்தக் கல்? இதன் நிறம் எங்கிருந்து வந்தது? இஃது ஏன் மின்னுகிறது?" என்று கேட்டால், நாம் மட்டுமல்லர், நம் பெற்றோரும் சற்றே திகைத்து நிற்பர். அத்தகைய கல் ஒன்றைப் பற்றியே இப்பாடத்தில் காண இருக்கிறோம். அதன் பெயர் நீல டோபாஸ். தெளிந்த வானத்தின் நிறம் முதல் ஆழ்கடலின் நிறம் வரை அது பல சாயல்களில் கிடைக்கிறது. நீல நிறம் கொண்ட மணிக்கற்களுள் அது விலை குறைந்தது, எளிதில் கிடைப்பது. ஆகவே மோதிரத்திலும் தோட்டிலும் பதக்கத்திலும் அதனை மிகுதியாகக் காண்கிறோம். விலை குறைந்த அந்தக் கல்லுக்கே விலை உயர்ந்த வேறு பெயர்களைச் சூட்டி விற்பவரும் உண்டு. பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் நகை வாங்கும் குடும்பங்களுக்கு இக்கல்லின் இயல்பு தெரிந்திருப்பது நலம் என்று கருதியே இதனைத் தேர்ந்துகொண்டோம்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். டோபாஸ் என்பதற்குப் புட்பராகம் என்று நம் அகராதிகள் பொருள் கூறும். கடைத்தெருவிலோ புட்பராகம் என்ற ஒரே பெயர் இரண்டு வேறு கற்களைக் குறிக்கிறது. கனக புட்பராகம் என்று சொல்லி உயர்ந்த விலைக்கு விற்கப்படும் மஞ்சள் கல், உண்மையில் நீலக்கல்லின் உடன்பிறப்பு. வேதியியலார் அதனைக் குருந்தம் என்னும் கனிமத்தின் மஞ்சள் வகை என்பர். டோபாஸ் முற்றிலும் வேறொரு கனிமம். ஒரே பெயர் இருவருக்கு இருந்தால் வகுப்பறையில் எத்தனை குழப்பம் நேர்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே இக்கட்டுரை முழுவதும் டோபாஸ் என்ற சொல்லையே ஆள்கிறோம்.

அந்தச் சொல்லின் வரலாறும் குழப்பம் நிறைந்ததுதான். செங்கடலில் உள்ள ஒரு தீவைப் பண்டைய கிரேக்கர் டோபாசியோஸ் என்று அழைத்தனர். அங்கே கிடைத்த கல்லுக்குத் தீவின் பெயரே வழங்கியது. ஆனால் அத்தீவில் கிடைத்தது, இன்று பெரிடாட் என்று நாம் அழைக்கும் பச்சைக் கல். பெயர் மட்டும் இடம் மாறி வந்து இந்தக் கல்லோடு ஒட்டிக்கொண்டது. நெருப்பைக் குறிக்கும் வடசொல் ஒன்றிலிருந்து இப்பெயர் வந்தது என்று கூறுவாரும் உளர்.

டோபாஸ் எதனால் ஆனது? அலுமினியம், சிலிக்கன், ஆக்சிஜன், ஃபுளோரின் ஆகிய தனிமங்கள் சேர்ந்த கூட்டுப்பொருள் அது. பூமிக்கு அடியில் உருகிக் கிடந்த கருங்கல் குழம்பு மெல்ல மெல்ல ஆறி இறுகும்பொழுது, கடைசியில் எஞ்சி நிற்கும் நீரும் ஃபுளோரின் ஆவியும் பாறை வெடிப்புகளில் புகுகின்றன. அங்கே டோபாஸ் படிகங்கள் வளர்கின்றன. பிரேசில், நைஜீரியா, பாகிஸ்தான், இலங்கை முதலிய நாடுகளில் இவை கிடைக்கின்றன. நம் மலேசிய மண்ணுக்கும் இக்கல்லுக்கும் ஓர் உறவு உண்டு. வெள்ளீயத் தாதுவும் டோபாசும் பல இடங்களில் ஒரே வகைப் பாறையில் உடன்பிறந்து வளர்பவை. சிலாங்கூரிலுள்ள குனோங் பாக்காவ் மலையின் டோபாஸ் நிறைந்த பாறைகளைப் பற்றி ஸ்கிரிவனர் என்னும் நிலவியல் அறிஞர் 1914ஆம் ஆண்டிலேயே விரிவாக எழுதியிருக்கிறார். ஈயச் சுரங்கங்களில் தாதுவைக் கழுவிப் பிரித்தபின் எஞ்சும் கனமான மணலை அமாங் என்பர். அந்த மணலிலும் டோபாஸ் துகள்கள் இருப்பதுண்டு. அவை நகைக்கு ஆகா. ஆயினும், டூலாங் தட்டை ஏந்தி ஆற்று நீரில் ஈயம் அரித்த நம் நாட்டுப் பெண்களின் விரல்களுக்கு இடையே நவமணிகளுள் ஒன்றின் பெயரைத் தாங்கிய கனிமமும் நழுவிச் சென்றிருக்கும் என்பதை எண்ணும்பொழுது வியப்பு உண்டாகிறது.

இனி நிறத்தைப் பார்ப்போம். மண்ணிலிருந்து எடுக்கப்படும் டோபாஸ் பெரும்பாலும் நிறமற்றது. தூய நீரைப் போன்றது. மஞ்சள், தேன் நிறம், பழுப்பு, இளஞ்சிவப்பு ஆகியனவும் உண்டு. பிரேசில் நாட்டின் ஓரோ பிரெட்டோ நகரை அடுத்த சுரங்கங்களில் கிடைக்கும் பொன்னும் செம்மையும் கலந்த வகையே டோபாசுகளில் உயர்ந்த விலை பெறுவது. இயற்கையாகவே நீலமாக அமைந்த கல் அரிது. அப்படி அமைந்தாலும் அந்த நீலம் மிக வெளிறியதாக இருக்கும். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் மேசன் மாவட்டத்தில் இத்தகைய மெல்லிய நீல டோபாஸ் கிடைக்கிறது. அம்மாநிலத்தார் 1969ஆம் ஆண்டில் அதனைத் தங்கள் மாநில மணிக்கல்லாக அறிவித்தனர். ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று கல்லின் நடுவே தோன்றும்படி பட்டை தீட்டும் முறை ஒன்றையும் 1977ஆம் ஆண்டில் மாநில வெட்டாக ஏற்றுக்கொண்டனர். ஒரு கல்லுக்கும் அதன் வெட்டுக்கும் சட்டமன்றம் மதிப்பளிப்பது நமக்குப் புதுமையாக இருக்கிறது அல்லவா?

அவ்வாறாயின், உலகமெங்கும் கடைகளில் குவிந்து கிடக்கும் ஆழ்ந்த நீல டோபாசுகள் எங்கிருந்து வந்தன? மனிதன் செய்தவை என்பதே விடை. கல் போலியன்று, கல் மெய்யான டோபாசே. அதன் நிறம் மட்டும் மனித முயற்சியால் ஊட்டப்பட்டது. நிறமற்ற டோபாசின் மீது ஆற்றல் மிகுந்த கதிர்களைச் செலுத்துகின்றனர். அக்கதிர்கள் கல்லிலுள்ள அணுக்களின் எலக்ட்ரான்களை இடம்பெயர்க்கின்றன. இடம்பெயர்ந்த எலக்ட்ரான்கள் படிகத்தின் குறைபாடுள்ள சில இடங்களில் சிக்கிக்கொள்கின்றன. அவ்வாறு உண்டாகும் நிற மையங்கள் வெள்ளொளியின் செம்மைப் பகுதியை விழுங்கிவிட்டு, நீலத்தை மட்டும் நம் கண்ணுக்கு அனுப்புகின்றன. கதிர் பட்ட கல் முதலில் பழுப்பாகவோ பச்சை கலந்த பழுப்பாகவோ இருக்கும். பிறகு அதனை ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சூடேற்றினால் பழுப்பு கலைந்து நீலம் மட்டும் நிலைத்து நிற்கும். நாசோ, பிரெஸ்காட் என்ற இரு அறிஞர்கள் காமாக் கதிர்களால் டோபாசை நீலமாக்குவது குறித்து 1975ஆம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அதனை அடுத்த ஆண்டுகளில்தான் நீல டோபாஸ் கடைகளில் வெள்ளமெனப் பெருகியது. இயற்கையின் வெளிறிய நீலம் உண்டாவதும் ஏறத்தாழ இதே வழியில்தான் என்று கருதுகின்றனர்: பாறையிலுள்ள கதிரியக்கப் பொருள்கள் நீண்ட நெடுங்காலம் மெல்ல மெல்லச் செய்த வேலையை, மனிதன் சில மணிகளிலோ நாள்களிலோ செய்து முடித்துவிடுகிறான்.

கதிர்களில் வகை உண்டு. கோபால்ட் தரும் காமாக் கதிர்கள் மெல்லிய நீலத்தைத் தரும். விரைவுபடுத்தப்பட்ட எலக்ட்ரான் கற்றை அதனினும் செறிந்த நீலத்தைத் தரும். அணு உலையின் நியூட்ரான்கள் சாம்பல் கலந்த ஆழ்ந்த நீலத்தைத் தரும். கடைக்காரர்கள் இவற்றுக்கு ஸ்கை புளூ, சுவிஸ் புளூ, லண்டன் புளூ என்று பெயரிட்டு வழங்குகின்றனர். இவை நிறத்தின் பெயர்களே அன்றி ஊரின் பெயர்கள் அல்ல. லண்டனில் டோபாஸ் சுரங்கம் எதுவும் இல்லை. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த கல் என்று எவரேனும் பெருமை பேசினால் புன்னகையோடு கேட்டுக்கொள்ளலாம்.

"கதிர் பட்ட கல்லை அணிந்தால் உடலுக்குத் தீங்கு நேராதா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. காமாக் கதிர் பட்டதனால் டோபாஸ் கதிரியக்கம் உடையதாக ஆவதில்லை. வெயிலில் கிடந்த கல் வெயிலாகிவிடாதது போல என்று கொள்ளலாம். நியூட்ரான் பட்ட கல்லின் நிலை வேறு. அதில் கலந்துள்ள சில அணுக்கள் சில காலத்துக்குக் கதிரியக்கம் உடையனவாக மாறிவிடும். ஆகவே அத்தகைய கற்களைப் பல மாதங்களோ, சில வேளைகளில் அதற்கும் மேலாகவோ காப்பில் வைத்து, கதிரியக்கம் வரம்புக்குக் கீழே தணிந்துவிட்டது என்று அளந்து பார்த்த பின்னரே விற்பனைக்கு விடவேண்டும். அமெரிக்காவில் இதற்கென அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் பெறுதல் வேண்டும். வரம்புக்குக் கீழே தணிந்த கல்லை அணிவதால் அச்சமில்லை.

நிறம் இவ்வாறு செய்யத்தக்கது என்றால், கல்லின் அழகு எதில் இருக்கிறது? ஒளியில் இருக்கிறது, அந்த ஒளியை ஆள்கிற பட்டையில் இருக்கிறது. நல்ல கல்லையும் மந்தமான கல்லையும் பிரித்துக் காட்டுவது இதுவே. ஆகையால் இப்பகுதியைச் சற்று நிதானமாகப் படியுங்கள்.

கண்ணாடிக் குவளை ஒன்றில் முக்கால் பங்கு நீர் நிரப்பி, அதனைக் கண் மட்டத்துக்கு மேலே உயர்த்திப் பிடியுங்கள். குவளையின் பக்கவாட்டிலிருந்து, நீரின் மேற்பரப்பைக் கீழேயிருந்து சாய்வாக நோக்குங்கள். அந்த மேற்பரப்பு வெள்ளித் தகடு போலப் பளபளக்கும். மேலே ரசம் பூசியவர் எவருமில்லை, நீரே கண்ணாடியாகிவிட்டது. நீருக்குள் செல்லும் ஒளி மேற்பரப்பை மிகவும் சாய்வாக அடைந்தால் வெளியே செல்ல வழியின்றி முழுவதும் உள்ளேயே திரும்பிவிடுகிறது. இதனை முழு அகப் பிரதிபலிப்பு என்பர். எந்தச் சாய்விலிருந்து இது தொடங்குகிறதோ அந்தக் கோணத்துக்கு மாறுநிலைக் கோணம் என்று பெயர். பரப்புக்குச் செங்குத்தாக நிற்கும் கோட்டிலிருந்து இதனை அளப்பர். நீருக்கு இஃது ஏறத்தாழ 49 பாகை. டோபாசுக்கு 38 பாகை. வைரத்துக்கு 24 பாகை. ஒரு பொருளுக்குள் ஒளியின் வேகம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு இந்தக் கோணமும் சிறுக்கும். காற்றில் செல்வதைக் காட்டிலும் டோபாசுக்குள் ஒளி ஏறத்தாழ 1.62 மடங்கு மெதுவாகச் செல்கிறது. இந்த எண்ணையே ஒளிவிலகல் எண் என்கிறோம். வைரத்துக்கு இது 2.42 ஆகும்.

இப்பொழுது பட்டை தீட்டிய கல் ஒன்றை மனக்கண்ணில் காணுங்கள். மேலே அகன்ற தட்டையான தளம் ஒன்று. அதனைச் சுற்றிச் சரிந்து இறங்கும் சிறு பட்டைகள். நடுவே மெல்லிய இடுப்பு. அதற்குக் கீழே கூம்பாகக் குவியும் அடிப்பகுதி. வட்டமாகப் பட்டை தீட்டும் முறையில் வழக்கமாக 57 அல்லது 58 பட்டைகள் இருக்கும். டோபாசின் மீது நேராக விழும் ஒளியில் 100இல் ஏறத்தாழ 6 பங்கு மட்டுமே மேற்பரப்பிலேயே தெறித்துத் திரும்புகிறது. எஞ்சிய ஒளி உள்ளே புகுந்து அடிப்பகுதியின் பட்டைகளில் மோதுகிறது. அப்பட்டைகள் தக்க சாய்வில் இருந்தால் ஒளி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் துள்ளி, மீண்டும் மேலே ஏறி, நம் கண்ணை வந்தடைகிறது. அதுவே கல்லின் ஒளிர்வு. டோபாசுக்கு அடிப்பட்டைகளின் சாய்வு ஏறத்தாழ 40 முதல் 43 பாகை வரை இருப்பது நன்று என்பது பட்டை தீட்டுவோர் கண்ட கணக்கு. சாய்வு அதற்குக் குறைந்து கல் தட்டையாகிவிட்டால் ஒளி அடிப்புறமாக நழுவி ஓடிவிடும். கல்லின் நடுவே சாளரம் திறந்து வைத்தது போல வெறுமை தோன்றும். வேறு எந்தக் கருவியுமின்றி இக்குறையை நாமே கண்டுபிடிக்கலாம். நகையில் பதிக்காத கல்லை ஒரு செய்தித்தாளின் மீது மேல்முகம் நம்மை நோக்க வைத்துப் பாருங்கள். நடுப்பகுதியின் ஊடே எழுத்துகள் தெளிவாகப் படிக்க வருமானால், அந்தக் கல்லில் ஒளி நிற்கவில்லை என்று பொருள். மோதிரத்தில் பதித்த கல்லாயின், அடியில் விரலின் நிறம் அப்படியே தெரியும். விலை குறைந்த கற்களை ஆயிரக்கணக்கில் விரைந்து தீட்டுமிடங்களில் இக்குறை மிகுதி.

டோபாசிடம் எதிர்பார்க்கக் கூடாத ஒன்றையும் சொல்லிவிடுவோம். வைரத்தை அசைத்தால் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக வண்ணத் தீப்பொறிகள் தெறிக்கும். வெள்ளொளியை வானவில்லாகப் பிரிக்கும் ஆற்றல் வைரத்துக்கு மிகுதி. டோபாசுக்கு அந்த ஆற்றல் வைரத்தின் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே நீல டோபாஸ் வானவில்லைக் காட்டாது. காலை வேளையில் புல் நுனியில் நிற்கும் பனித்துளியின் தெளிவு அதற்கு உண்டு. அதுவே அதன் அழகு என்பது எம் கருத்து.

நிறமும் வெட்டும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒளி கல்லுக்குள் நெடுந்தொலைவு சென்றால் நிறம் செறியும். குறுந்தொலைவு சென்றால் வெளிறும். வெளிர்நீல டோபாசில் சிறு கல் செய்தால் நிறமே இல்லாதது போலத் தோன்றும். ஆழ்நீலக் கல்லைப் பெரிதாகவும் ஆழமாகவும் வெட்டினால் மை போலக் கறுத்துவிடும். நீண்ட செவ்வகப் படிகளாக வெட்டும் மரகத வெட்டு நிறத்தை அமைதியாகக் காட்டும். வட்ட வெட்டு மினுமினுப்பை மிகுவிக்கும். கல்லைக் கண்டு வெட்டைத் தேர்வதே வினைஞரின் அறிவு.

அவ்வினைஞருக்கு டோபாஸ் ஒரு பெருஞ்சோதனையும் வைத்திருக்கிறது. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் டோபாஸ் 8ஆம் படியில் நிற்கிறது. கண்ணாடி 5 அல்லது 6, பளிங்கு 7, நீலக்கல் 9, வைரம் 10. இத்துணைக் கடினமான கல்லாயினும் ஒரே ஒரு திசையில் மட்டும் அது விறகு பிளப்பது போலச் சட்டென்று பிளந்துவிடும். படிகத்தின் நீளவாட்டுக்குக் குறுக்கே அந்தப் பிளவுத்தளம் அமைந்திருக்கிறது. எந்தப் பட்டையேனும் அந்தத் தளத்துக்குச் சரியாக இணையாக அமைந்துவிட்டால், எவ்வளவு தீட்டினாலும் அதற்கு மெருகு ஏறாது. நுண்ணிய செதில்களாகப் பெயர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே வினைஞர் முதலில் பிளவுத்தளம் இருக்கும் திசையைக் கண்டறிந்து, மேல்தளத்தை அதிலிருந்து சில பாகை சாய்த்து அமைப்பர். பின்னர் கல்லை மெழுகாலோ அரக்காலோ ஒரு கோலின் நுனியில் ஒட்டி, வைரத்தூள் பதித்த சுழலும் தட்டில் வைத்து, ஒவ்வொரு பட்டையாகத் தீட்டுவர். ஒரு பாதி முடிந்தபின் கல்லைக் கழற்றித் திருப்பி ஒட்டி மறுபாதியைத் தீட்டுவர். இரு பாதிகளின் பட்டைகளும் இடுப்பில் ஒன்றுக்கொன்று நேராகச் சந்திக்கவேண்டும். இறுதியில் நுண்பொடியால் மெருகேற்றுவர். இந்தியாவின் ஜெய்ப்பூரும், நம் அண்டை நாடான தாய்லாந்தின் சந்தபுரியும், ஜெர்மனியின் ஈடார்-ஓபர்ஸ்டைனும் இத்தொழிலில் பெயர் பெற்ற ஊர்கள்.

டோபாஸ் மிகப் பெரிய படிகங்களாக வளரக்கூடியது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திலுள்ள பொன்னிற டோபாஸ் ஒன்று 22,892.5 காரட் எடை கொண்டது. அதில் 172 பட்டைகள் உள்ளன. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2016ஆம் ஆண்டில் காட்சிக்கு வைத்த ஆஸ்ட்ரோ கல் என்னும் நீல டோபாஸ் 9,381 காரட். ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். அதாவது 5 காரட் சேர்ந்தால் 1 கிராம். அந்த நீலக் கல்லின் எடை எத்தனை கிராம் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். பெரிய கற்கள் தாராளமாகக் கிடைப்பதால்தான் டோபாசின் விலை பருமனைப் பார்த்து வெகுவாக ஏறுவதில்லை.

அரசர்களும் இக்கல்லிடம் ஏமாந்ததுண்டு என்பர். போர்த்துகீசிய அரச குடும்பத்தாரிடம் இருந்த பிரகான்சா வைரம் 1,680 காரட் எடையுள்ள உலகப் பெரும் வைரம் என்று புகழப்பட்டது. இன்று அக்கல் எங்கேயென்று தெரியவில்லை. அது நிறமற்ற டோபாசாகவே இருந்திருக்கும் என்பது அறிஞர் கருத்து. நாட்டையாளும் மன்னர்க்கே இந்நிலை என்றால், நம் வீட்டார் விழிப்பாக இருப்பதில் தவறென்ன?

நீலக்கல் என்றும், கடல்நீர் நிறமுள்ள அக்குவாமரின் என்றும் கூறி நீல டோபாசைக் கொடுப்பதுண்டு. டோபாஸ் என்று கூறி வெறும் கண்ணாடியைக் கொடுப்பதும் உண்டு. கண்ணால் மட்டும் பார்த்து இவற்றைப் பிரிக்க வல்லவர் மிகச் சிலரே. கல் நகையிலிருந்து தனித்து இருந்தால், ஆர்க்கிமிடீஸ் கண்ட விதி நமக்கு உதவும். பொற்கொல்லரின் நுண்ணிய தராசில் கல்லை முதலில் காற்றில் நிறுத்து, பிறகு மெல்லிய நூலில் கட்டி நீரில் அமிழ்த்தி நிறுக்கவேண்டும். காற்றில் 2.84 கிராம், நீரில் 2.04 கிராம் என்று வைத்துக்கொள்வோம். எடைக் குறைவு 0.80 கிராம். 2.84ஐ 0.80ஆல் வகுத்தால் 3.55 வரும். டோபாசின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 3.5 முதல் 3.6 வரை. அக்குவாமரின் 2.7 அளவிலும், நீலக்கல் 4.0 அளவிலும், சாதாரணக் கண்ணாடி 2.5 அளவிலும் நிற்கும். எண் சொல்லும் சாட்சியைப் பேச்சால் மாற்ற முடியாது. ஆனால் ஆலையில் செய்யப்படும் செயற்கை ஸ்பினல் என்னும் நீலக் கல்லின் ஒப்படர்த்தி 3.64 என்பதால், அது டோபாசுக்கு மிக அருகில் வந்துவிடும். அவ்விடத்தில் ஒளிவிலகல் எண்ணை அளக்கும் கருவியே தீர்ப்புச் சொல்லவேண்டும். ஸ்பினலுக்கு 1.73, டோபாசுக்கு 1.62. மணிக்கல் ஆய்வுக்கூடங்களில் இக்கருவி உண்டு. விலை மிகுந்த கல்லை வாங்குவோர் அத்தகைய கூடத்தின் சான்றிதழைக் கேட்டுப் பெறுவதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. மோஸ் அளவைப் படித்த ஆர்வத்தில் அம்மாவின் மோதிரத்தை எடுத்துக் கண்ணாடியில் கீறிப் பார்க்க வேண்டாம், மாணவர்களே! கல்லின் பிளவுத்தளம் உங்கள் ஆர்வத்தை அறியாது.

நவமணி மோதிரம் அணிவோரின் நம்பிக்கையைப் பற்றி நாம் இங்கே வாதிட வரவில்லை. எந்த நம்பிக்கையோடு அணிந்தாலும், கையில் இருப்பது இன்ன கல் என்று தெரிந்து அணிவது வேண்டும். புட்பராகம் என்ற பெயரில் மஞ்சள் குருந்தத்தின் விலையைக் கொடுத்துவிட்டு, டோபாசை வாங்கி வருவது கூடாது.

தோட்டத்துக் குடும்பங்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது எடையில் இருக்கிறது. போனஸ் பணத்திலோ சீட்டுக் கட்டி எடுத்த பணத்திலோ ஒரு பவுன் எடையுள்ள கல் மோதிரம் வாங்குகிறோம் என்று கொள்வோம். தராசு 8 கிராம் காட்டும். அதில் பதித்திருப்பது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள 5 காரட் டோபாஸ் என்றால், அதன் எடை 1 கிராம். தங்கம் 7 கிராம் மட்டுமே. 8 கிராமுக்கும் தங்கத்தின் விலையைக் கொடுத்தால், டோபாசை நாம் தங்கத்தின் விலைக்கு வாங்கினோம் என்றாகும். பின்னொரு நாள் பணமுடை நேர்ந்து அதே மோதிரத்தை விற்கவோ அடகு வைக்கவோ சென்றால், கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டுமே மதிப்புப் போடுவர். நீல டோபாசைப் பணமாக மாற்றுவது எளிதன்று. ஆகவே வாங்கும்பொழுதே கல்லின் எடை, தங்கத்தின் எடை, கூலி ஆகிய மூன்றையும் தனித்தனியே பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லவேண்டும். 'டோபாஸ், நிறமூட்டப்பட்டது' என்று கல்லின் பெயரையும் எழுதித் தரக் கேட்கலாம். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காமல் திரும்புவதே மேல். நிறத்தைத் தேர்வு செய்யும்பொழுது கடையின் விளக்கொளியை நம்பாமல், வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். மஞ்சள் விளக்கொளி நீலத்தை மங்கச் செய்யும். கடைப் பேழையின் வெண்ணிற விளக்கு அதனை மிகைப்படுத்தும்.

நீல டோபாசின் நிறம் வெயிலில் வெளுக்காது. ஆனால் கடும் வெப்பம் பட்டால் நீலம் கலைந்துபோகும். திடீரென ஏறும் வெப்பத்தால் கல் பிளக்கவும் கூடும். ஆகவே மோதிரத்தைப் பற்றவைத்துச் செப்பனிட நேர்ந்தால், கல்லைக் கழற்றிய பிறகே நெருப்புக் காட்டும்படி பொற்கொல்லரிடம் சொல்லவேண்டும். நம் வீட்டுத் தூசியில் பளிங்கு மணல் கலந்திருக்கிறது. அது கண்ணாடியைத் தேய்த்து மங்கச் செய்யும், ஆனால் டோபாசைத் தேய்க்க வல்லதன்று. உளியோ சுத்தியலோ மண்வெட்டிப் பிடியோ மோதினால் மட்டும் கல் பிளவுத்தளத்தில் இரண்டாகலாம். வேலைக்குச் செல்லும்பொழுது மோதிரத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுச் செல்வது நல்லது. பட்டைகளின் அடியில் எண்ணெயும் அழுக்கும் படிந்தால் அங்கே ஒளி திரும்புவது கெட்டுக் கல் மங்கித் தோன்றும். வெதுவெதுப்பான நீரில் சிறிது சவர்க்காரம் கரைத்து, பழைய மெல்லிய பல்துலக்கியால் அடிப்புறத்தைத் துலக்கிக் கழுவித் துடைத்தால் கல் மீண்டும் ஒளிரும்.